கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? மோல் கணக்கும் கரைசலின் செறிவும்

உங்கள் கேள்வியின் சாரம் இது: 37 சதவீத அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நீர்த்து, 0.5 மோலார் செறிவில் 500 மில்லிலிட்டர் கரைசல் தயாரிக்க வேண்டும். அந்த அமிலத்தின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம், எத்தனை மில்லிலிட்டர் அமிலம் எடுக்க வேண்டும்? நீங்கள் போட்ட கணக்கில் 24.6 மில்லிலிட்டர் வருகிறது, விடையில் 20.7 என்று இருக்கிறது. அடர்த்தியை எங்கே பயன்படுத்துவது என்று புரியாததால் அதை விட்டுவிட்டதாகவும், மோலாரிட்டி, மோலாலிட்டி, நார்மாலிட்டி ஆகியவற்றின் சூத்திரங்களை மனப்பாடம் செய்திருந்தும் எந்தக் கணக்குக்கு எது என்று தடுமாறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

20.7 என்பதே சரி. உங்கள் பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை ஏதும் இல்லை. 37 சதவீதம் என்பதை 100 மில்லிலிட்டர் அமிலத்தில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். புட்டியின் மேல் எழுதியிருப்பதோ 100 கிராம் அமிலத்தில் 37 கிராம் என்ற பொருளில். அந்த ஒரு சொல் மாறியதால்தான் விடை ஏறத்தாழ 4 மில்லிலிட்டர் தள்ளிப் போயிற்று. செறிவு என்ற பெயரில் வேதியியலில் வரும் அளவுகள் அனைத்தும் பின்னங்களே. கோட்டுக்கு மேலே கரைபொருள் எவ்வளவு என்பது இருக்கும்; கோட்டுக்குக் கீழே அது எதில் எவ்வளவில் இருக்கிறது என்பது இருக்கும். மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் கோட்டுக்குக் கீழேதான். ஆகவே சூத்திரங்களை ஒவ்வொன்றாக விளக்குவதைவிட, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே கணக்கைப் போடுவது எப்படி என்று காட்டுகிறேன். அதற்கு முன், கோட்டுக்கு மேலே வரும் மோல் என்ன என்பது தெளிவாக வேண்டும்.

வேதிவினைகள் எண்ணிக்கையில் நடக்கின்றன. தராசோ எடையைத்தான் காட்டுகிறது. ஒரு சோடியம் ஹைட்ராக்சைடு அலகு ஒரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறோடு வினைபுரிகிறது என்பது எண்ணிக்கை பற்றிய செய்தி. அதை ஒரு கிராமுக்கு ஒரு கிராம் என்று படித்தால் தவறு, ஏனெனில் முதலாவதன் ஓர் அலகு இரண்டாவதன் ஒரு மூலக்கூறைவிடக் கனமானது. ஒரே அளவுள்ள குண்டூசிகள் ஒரு மூட்டை இருந்தால் அவற்றை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. நூறு குண்டூசிகளின் எடையைத் தெரிந்துகொண்டு, மூட்டையின் எடையை அதனால் வகுத்துவிடுகிறோம். எண்ண முடியாததை எடைபோட்டு எண்ணுகிற இதே வழிதான் மோல் கணக்கும். குண்டூசிக்கு நூறு என்ற தொகுதி போதும். அணுக்களோ மிகச் சிறியவை என்பதால் அவற்றுக்கு மிகப் பெரிய தொகுதி வேண்டும்.

அந்தத் தொகுதியின் அளவு 2019 மே 20 முதல் சரியாக 6.02214076 × 10²³ என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன், 1971இல் ஏற்கப்பட்ட வரையறையின்படி, 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் கொண்ட பொருளின் அளவு ஒரு மோல். வரையறை திருப்பிப் போடப்பட்டதே தவிர, நாம் போடும் கணக்குகளில் எதுவும் மாறவில்லை. இந்த எண்ணுக்கு இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயர் இருந்தாலும் அவர் இதைக் கணக்கிடவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவர் கூறினார். எத்தனை என்பதை முதலில் மதிப்பிட வழிகாட்டியது 1865இல் ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட் செய்த ஆய்வு. அவகாட்ரோவின் பெயரைச் சூட்டும்படி 1909இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரின். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் எண் துல்லியமாகத் தெரியாமலே வேதியியலார் அணு நிறைகளைக் கொண்டு சரியாகக் கணக்குப் போட்டு வந்தார்கள் என்பதை நான் வகுப்பில் எப்போதும் சொல்வதுண்டு, ஏனெனில் அது ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகிறது: மோல் கணக்கில் பெரும்பாலும் 10²³ என்ற எண் தேவைப்படுவதே இல்லை. தேவைப்படுவது மோலார் நிறை மட்டும்.

மோலார் நிறை என்பது ஒரு மோல் பொருளின் எடை, அதாவது அந்த மூட்டைக் கணக்கில் நூறு குண்டூசிகளின் எடை. சோடியம் 22.99, ஆக்சிஜன் 16.00, ஹைட்ரஜன் 1.008 என்று கூட்டினால் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மோலுக்கு 40.00 கிராம் கிடைக்கிறது. கையில் 4.00 கிராம் இருந்தால் 4.00 ÷ 40.00 = 0.100 மோல். இங்கே வகுக்க வேண்டுமா பெருக்க வேண்டுமா என்ற ஐயத்தை அலகுகளே தீர்த்து வைக்கின்றன. கிராமை, மோலுக்கு இத்தனை கிராம் என்பதால் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் மிஞ்சும். பெருக்கினால் கிராமின் வர்க்கம் வந்து நிற்கும், அதற்குப் பொருளே இல்லை. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அலகை எழுதிக்கொண்டு போனால் பாதிப் பிழைகள் காகிதத்திலேயே தெரிந்துவிடும். அலகை இறுதி விடையில் மட்டும் ஒட்டவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எதன் மோல் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு மோல் ஆக்சிஜன் என்று மட்டும் சொன்னால் அது முழுமையான கூற்று அல்ல. ஆக்சிஜன் அணுக்கள் ஒரு மோல் என்றால் 16 கிராம், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒரு மோல் என்றால் 32 கிராம். கரைசல்களில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படும்: 0.1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலில் கால்சியம் அயனியின் செறிவு 0.1 மோலார், குளோரைடு அயனியின் செறிவு 0.2 மோலார். கேள்வி உப்பைக் கேட்கிறதா, அயனியைக் கேட்கிறதா என்று பார்க்காமல் விடை எழுதி மதிப்பெண்ணை இழந்தவர்கள் பலர்.

இதே இனத்தைச் சேர்ந்தது படிக நீரின் சிக்கல். ஆய்வகத்தில் உள்ள நீல நிறக் காப்பர் சல்பேட்டு படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டு அலகுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. நீரற்ற வெள்ளைத் தூளின் மோலார் நிறை 159.6 கிராம், நீலப் படிகத்தின் மோலார் நிறை 249.7 கிராம். 0.1 மோலார் கரைசல் 250 மில்லிலிட்டர் வேண்டுமானால் 0.025 மோல் தேவை. நீலப் படிகமாக எடுத்தால் அது 6.24 கிராம். நீரற்ற உப்பின் நிறையைக் கொண்டு கணக்கிட்டு 3.99 கிராம் படிகத்தை எடுப்பவருக்கு 0.016 மோல்தான் கிடைக்கும், கரைசல் 0.1 மோலாராக இல்லாமல் 0.064 மோலாராக நிற்கும். நிறத்தைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. புட்டியின் மேல் எழுதியுள்ள மோலார் நிறையைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

இனி கோட்டுக்குக் கீழே வருவோம்.

மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல் எண்ணிக்கை. இங்கே கரைசல் என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய நீரின் லிட்டர் அன்று, கரைத்து முடித்த பின் இருக்கும் மொத்தக் கனஅளவு. மேலே சொன்ன 0.100 மோல் சோடியம் ஹைட்ராக்சைடு 250 மில்லிலிட்டர் கரைசலில் இருந்தால் 0.100 ÷ 0.250 = 0.400 மோலார். 250 மில்லிலிட்டர் நீரை அளந்து, அதில் 4 கிராமைப் போட்டால் கிடைப்பது இதே கரைசல் ஆகாது. திரவங்களைக் கலக்கும்போது கனஅளவுகள் கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை என்பதற்குத் தெளிவான சான்று எத்தனாலும் நீரும்: ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் எடுத்துக் கலந்தால் 100 வராது, ஏறத்தாழ 96 அல்லது 97 மில்லிலிட்டர்தான் வரும். நிறை மட்டும் அப்படியே கூடும். கனஅளவு கூடும் என்று நம்பக்கூடாது.

ஆகவேதான் துல்லியமான கரைசல் தயாரிக்க, நீண்ட கழுத்தும் அதில் ஒரே ஒரு கோடும் உள்ள அளவுக் குடுவை இருக்கிறது. அந்தக் காப்பர் சல்பேட்டு கரைசலையே எடுத்துக்கொள்வோம். 6.24 கிராம் படிகத்தைச் சிறிய பீக்கரில் எடைபோட்டு, 100 மில்லிலிட்டர் அளவு காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரைய விட வேண்டும். ஒரு புனலை 250 மில்லிலிட்டர் குடுவையின் வாயில் வைத்து, கரைசலைக் கண்ணாடிக் கோல் வழியாக ஊற்ற வேண்டும். பீக்கரின் சுவரில் ஒட்டியிருக்கும் நீலத் துளிகளிலும் கணக்கில் சேர்ந்த மோல் இருக்கிறது. எனவே பீக்கரையும் கோலையும் புனலையும் சிறிது சிறிதாக நீர் விட்டு மூன்று முறை அலசி, அந்த நீரையும் குடுவைக்குள்ளேயே சேர்க்க வேண்டும். பிறகு கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வரை நீர் ஊற்றி, அதன்பின் துளிசொட்டியால் துளித்துளியாக விட்டு, கோட்டை கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து, நீர்ப்பரப்பின் வளைவின் அடி கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். மூடியிட்டுப் பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்கினால்தான் கழுத்திலும் வயிற்றிலும் ஒரே செறிவு இருக்கும். கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் மிகுந்ததை உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய இயலாது, ஏனெனில் உறிஞ்சும் துளியோடு காப்பர் சல்பேட்டும் வெளியேறுகிறது. அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே நேர்மையான வழி.

மோலாரிட்டிக்கு ஒரு குறை உண்டு. திரவம் சூடானால் விரிவதால், கோட்டுக்குக் கீழே உள்ள லிட்டர் மாறுகிறது. நீரின் அடர்த்தி 20 டிகிரி செல்சியசில் மில்லிலிட்டருக்கு 0.998 கிராம், 40 டிகிரியில் 0.992 கிராம். ஆகவே 20 டிகிரியில் 0.1000 மோலாராகத் தயாரித்த நீர்த்த கரைசல், ஒரு துகளும் கூடாமல் குறையாமல், 40 டிகிரியில் ஏறத்தாழ 0.0994 மோலாராக ஆகிவிடும். அளவுக் குடுவைகளின் மேல் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தக் குறையைத் தவிர்ப்பது மோலாலிட்டி. இங்கே கோட்டுக்குக் கீழே ஒரு கிலோகிராம் கரைப்பான் இருக்கிறது. மாற்றங்கள் இரண்டு என்பதைக் கவனியுங்கள்: கனஅளவு போய் நிறை வந்திருக்கிறது, கரைசல் போய்க் கரைப்பான் வந்திருக்கிறது. நிறை வெப்பநிலையால் மாறாது என்பதால், வெப்பநிலையோடு விளையாடும் கணக்குகளில், அதாவது உறைநிலைத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம் ஆகியவற்றில், மோலாலிட்டி பயன்படுகிறது. ஒரு கிலோகிராம் நீரில் ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், கரைந்திருந்தால் நீரின் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி தாழும்.

நீர்த்த நீர்க்கரைசல்களில் மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஏறத்தாழ ஒரே எண்ணாக இருக்கும், ஒரு லிட்டர் கரைசலில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நீர் இருப்பதால். இந்த ஒற்றுமையைப் பார்த்துப் பழகியவர்கள் அடர் கரைசலிலும் அதையே எதிர்பார்ப்பார்கள். 98 சதவீத கந்தக அமிலத்தைப் பாருங்கள். அடர்த்தி 1.84; ஒரு லிட்டரின் நிறை 1840 கிராம்; அதில் தூய அமிலம் 1803 கிராம்; மோலார் நிறை 98.08 என்பதால் 18.4 மோலார். மோலாலிட்டிக்கு 100 கிராம் அமிலத்தை எடுத்துக்கொண்டால் 98 கிராம், அதாவது 0.999 மோல், வெறும் 2 கிராம் நீரோடு இருக்கிறது; 0.999 ÷ 0.002 என்பது ஏறத்தாழ 500 மோலால். ஒரே புட்டி, ஒரே திரவம். ஒரு பெயரில் 18.4, இன்னொரு பெயரில் 500. மேலே உள்ளது மாறவில்லை, கீழே உள்ளதுதான் மாறியது. இந்த எடுத்துக்காட்டை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் இரண்டையும் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

சதவீதமும் இதே இனம்தான், ஆனால் கோட்டுக்குக் கீழே உள்ளதை மறைத்துக்கொண்டு வருவதால் அதிகத் தொல்லை தருகிறது. அடர் அமிலப் புட்டிகளில் அது நிறைக்கு நிறை: 100 கிராம் கரைசலில் இத்தனை கிராம். மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசலில் அது கனஅளவுக்கு நிறை: 100 மில்லிலிட்டரில் 0.9 கிராம் சோடியம் குளோரைடு, எனவே லிட்டருக்கு 9 கிராம், 58.44ஆல் வகுத்தால் 0.154 மோலார். 70 சதவீத எத்தனால் கிருமிநாசினி என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது கனஅளவுக்குக் கனஅளவு. கேள்வித்தாளில் சதவீதம் என்று மட்டும் இருந்து, பக்கத்தில் அடர்த்தியும் கொடுக்கப்பட்டிருந்தால், நிறைக்கு நிறை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி கொடுக்கப்படுவதே நிறையிலிருந்து கனஅளவுக்குக் கடப்பதற்காக.

இப்போது உங்கள் கணக்கை மீண்டும் போடுவோம். ஒரு லிட்டர் அடர் அமிலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நிறை 1.19 × 1000 = 1190 கிராம். அதில் 37 சதவீதம் ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது 440.3 கிராம். மோலார் நிறை 36.46ஆல் வகுத்தால் 12.08 மோல். ஆகவே புட்டியில் உள்ளது 12.08 மோலார் அமிலம். தேவைப்படுவது 0.500 லிட்டரில் லிட்டருக்கு 0.5 மோல், எனவே 0.250 மோல். இந்த 0.250 மோல் அடர் அமிலத்தின் எத்தனை லிட்டரில் இருக்கும்? 0.250 ÷ 12.08 = 0.0207 லிட்டர், அதாவது 20.7 மில்லிலிட்டர். நீங்கள் ஒரு லிட்டரில் 370 கிராம் என்று எடுத்ததால் 10.15 மோலார் வந்தது, அதிலிருந்து 24.6 மில்லிலிட்டர் வந்தது. அந்த 24.6ஐ எடுத்துக் கரைசலைத் தயாரித்திருந்தால் உங்களுக்கு 0.5 மோலாருக்குப் பதில் 0.59 மோலார் கிடைத்திருக்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதி.

நீர்த்தலுக்குச் சொல்லித்தரப்படும் சூத்திரம், முதல் செறிவு பெருக்கல் முதல் கனஅளவு சமம் இரண்டாம் செறிவு பெருக்கல் இரண்டாம் கனஅளவு என்பது, நான் மேலே செய்ததையே சுருக்கிச் சொல்கிறது. செறிவைக் கனஅளவால் பெருக்கினால் மோல் கிடைக்கிறது. நீர் ஊற்றினால் கரைபொருளின் மோல் மாறாது. ஆகவே இரண்டு பக்கமும் சமம். சூத்திரத்தின் உயிர் மோல் மாறாது என்ற அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை மறந்தவர்கள் இதே சூத்திரத்தைத் தரம்பார்த்தல் கணக்கிலும், அதாவது ஒரு கரைசலோடு முழுமையாக வினைபுரிய இன்னொரு கரைசல் எவ்வளவு தேவை என்று அளக்கும் கணக்கிலும், போட்டுவிடுகிறார்கள், அங்கே அது பல நேரங்களில் பொய்யாகிறது. 0.1 மோலார் கந்தக அமிலம் 25 மில்லிலிட்டரை நடுநிலையாக்க 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு தேவை என்று கேட்டால், சூத்திரம் 25 மில்லிலிட்டர் என்று சொல்லும். உண்மையான விடை 50, ஏனெனில் ஒரு கந்தக அமில மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ராக்சைடு தேவை. அங்கே சமமாக இருப்பது மோல்கள் அல்ல, சமன் செய்த சமன்பாட்டின் விகிதத்தில் உள்ள மோல்கள். முதலில் அமிலத்தின் மோலைக் கணக்கிடுங்கள், 25 × 0.1 = 2.5 மில்லிமோல், சமன்பாட்டைப் பார்த்து இரண்டால் பெருக்குங்கள், 5.0 மில்லிமோல், பிறகு 0.1ஆல் வகுங்கள், 50 மில்லிலிட்டர். மில்லிலிட்டரை மோலாரிட்டியால் பெருக்கினால் நேரடியாக மில்லிமோல் கிடைக்கும் என்பதையும் இங்கே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தால் வகுக்க மறக்கும் பிழை இந்தப் பழக்கத்தால் பெரிதும் குறையும்.

இந்த இரண்டு மடங்குச் சிக்கலை மறைக்கவே நார்மாலிட்டி பிறந்தது என்று சொல்லலாம். அதில் கோட்டுக்குக் கீழே லிட்டர் கரைசல் அப்படியே இருக்க, கோட்டுக்கு மேலே மோலுக்குப் பதில் சமானம் வருகிறது, அதாவது அந்த வினையில் ஒரு மோல் ஹைட்ரஜன் அயனிக்கோ ஒரு மோல் எலக்ட்ரானுக்கோ ஈடான அளவு. 0.1 மோலார் கந்தக அமிலம் முழு நடுநிலையாக்கலில் 0.2 நார்மல். கணக்கு சுருங்குவது உண்மைதான். ஆனால் சமானம் என்பது பொருளை மட்டும் பொறுத்தது அன்று, வினையையும் பொறுத்தது. 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்பதால் 0.1 நார்மல், நடுநிலை ஊடகத்தில் மூன்றை ஏற்பதால் 0.06 நார்மல். புட்டியின் மேல் 0.1 நார்மல் என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்து எடுப்பவர் அதை எந்த வினைக்காக எழுதினார்கள் என்பதை எப்படி அறிவார்? இதனால்தான் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் இந்த அளவை ஊக்குவிப்பதில்லை. பாடத்திட்டத்தில் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். சொந்தக் குறிப்பேட்டில் மோலாரிட்டியும் சமன்பாடும் எழுதுங்கள் என்பதே என் பரிந்துரை.

மிக நீர்த்த கரைசல்களுக்கு மில்லியனில் ஒரு பங்கு என்ற அளவு வழங்குகிறது. நீர்க்கரைசலில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்பதால், அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கொள்ளப்படுகிறது. குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், 19.00ஆல் வகுத்தால் 0.079 மில்லிமோல், அதாவது 7.9 × 10⁻⁵ மோலார்.

வாயுக்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஓர் எச்சரிக்கை: 22.4 லிட்டர் ஒரு மோல் என்பது 0 டிகிரி செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் உள்ள வாயுவுக்கு மட்டும் பொருந்தும். அழுத்தம் ஒரு பார் என்று வரையறுத்தால் அது 22.7 லிட்டர். இந்த எண்ணைத் திரவத்துக்கோ கரைசலுக்கோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். திரவ நீரில் ஒரு மோல் வெறும் 18 மில்லிலிட்டர்.

கடைசியாக, உங்கள் 20.7 மில்லிலிட்டரைக் குடுவையில் எப்படிச் சேர்ப்பது என்பது. காற்றை வெளியேற்றும் புகைக்கூண்டின் கீழே, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 500 மில்லிலிட்டர் அளவுக் குடுவையில் முதலில் 300 மில்லிலிட்டர் அளவு நீரை எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தை மெதுவாகச் சேருங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கலக்கும்போது வெப்பம் வெளிப்படும். குடுவை அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே கோடு வரை நிரப்புங்கள், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்த திரவத்தைக் கோட்டில் நிறுத்திவிட்டு, ஆறிய பின் கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதைக் காண்பீர்கள்.

இப்படித் தயாரித்த கரைசலை உடனே 0.500 மோலார் என்று அழைக்க முடியாது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பது நீரில் கரைந்த வாயு. ஒவ்வொரு முறை புட்டியைத் திறக்கும்போதும் சிறிது வெளியேறுகிறது, ஆகவே பழைய புட்டியில் 37 சதவீதம் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நன்கு உலர்த்திய நீரற்ற சோடியம் கார்பனேட்டு 0.530 கிராமைத் துல்லியமாக எடைபோட்டு, கூம்புக் குடுவையில் நீரில் கரைத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, பியூரெட்டில், அதாவது அளவுக்கோடுகளும் திருகும் உள்ள கண்ணாடிக் குழாயில், உள்ள உங்கள் அமிலத்தை மஞ்சள் நிறம் ஆரஞ்சாக மாறும் வரை சேருங்கள். பியூரெட்டில் செலவானது 20.4 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார்பனேட்டின் மோலார் நிறை 105.99, எனவே 0.530 கிராம் என்பது 5.00 மில்லிமோல், ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு ஹைட்ரஜன் குளோரைடு என்பதால் 10.0 மில்லிமோல் அமிலம் செலவாகியிருக்கிறது, 10.0 ÷ 20.4 = 0.490. இதே அளவீட்டை இன்னும் இரண்டு முறை செய்து, மூன்றும் ஒத்துவந்தால், குடுவையின் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.490 மோலார், தயாரித்த நாள் என்று எழுதி ஒட்டுங்கள். இனி அந்தக் கரைசலைக் கொண்டு போடும் ஒவ்வொரு கணக்கிலும் 0.5 அன்று, 0.490 என்ற எண்ணே வர வேண்டும்.